ஏஐ எழுதிய மின்னஞ்சலும் காரணம் கேட்கும் கடிதமும்

பினாங்கிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கும் நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம் இது. அவரை யாரும் இனங்கண்டுகொள்ள முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நிறுவனத்துக்குப் பதிலளிக்க அவருக்கு இருந்த கெடு குறுகியது என்பதால், முக்கியமானவற்றைக் கடிதம் கிடைத்த அன்றே தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். அவருடைய சம்மதத்தோடு விரிவான பதிலை இங்கே தருகிறேன்.

வாசகிக்கு வயது 36. வீடு பட்டர்வொர்த்தில், வேலை பாயான் லெப்பாஸில், சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர் பிரிவில். ஒன்பது ஆண்டு அனுபவம், மாதச் சம்பளம் 4,700 ரிங்கிட். நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் வரும். சில ஆங்கிலத்தில், சில மலாயில், சில இரண்டும் கலந்து. அனைத்துக்கும் பதில் எழுதிவிட்டுப் பாலத்தைக் கடந்து வீடு சேர இரவு எட்டரை ஆகிவிடும் என்பதால், கடந்த ஆண்டு தம் கைப்பேசியில் இலவசமாகக் கிடைத்த ஏஐ செயலி ஒன்றின் உதவியை நாடினார். வந்த மடலை நகலெடுத்து அதில் ஒட்டுவார். அது எழுதித் தரும் பதிலைத் திருத்தி அனுப்புவார். சில வாரங்களில் அந்த வேலையும் சலித்துப்போக, அலுவலகக் கணினியின் உலாவியில் ஒரு நீட்சியை (உலாவிக்குக் கூடுதல் வசதி தரும் சிறு மென்பொருளை) சேர்த்து, நிறுவனத்தின் அஞ்சல்பெட்டியையே அதனுடன் இணைத்துவிட்டார். ஆறரை மணிக்கெல்லாம் வீட்டில் இருக்க முடிந்தது. ‘இவரைப் போல் வேகமாகப் பதில் அனுப்பப் பழகுங்கள்’ என்று மேலாளர் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் பாராட்டினார். ரகசியம் என்ன என்று அவர் நேரில் கேட்டபோது, ‘ஏஐ’ என்று இவர் சொல்ல, மேலாளர் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்.

சென்ற மாதம் வாடிக்கையாளர் ஒருவர், கொள்கலன் துறைமுகத்தில் தேங்கியதற்கான டிமரேஜ் கட்டணம் 8,600 ரிங்கிட்டைக் குறைக்க முடியுமா என்று கேட்டு எழுதினார். ஏஐ தயாரித்த பதிலின் நான்காவது பத்தியில், ‘இக்கட்டணத்தை முழுமையாகத் தள்ளுபடி செய்கிறோம்’ என்று இருந்தது. முதல் இரண்டு பத்திகளை மட்டும் படித்துவிட்டு இவர் அனுப்பிவிட்டார். வாடிக்கையாளர் இப்போது பணம் தர மறுக்கிறார். நிறுவனம் விசாரித்ததில் நீட்சி விவகாரமும் வெளிவர, காரணம் கேட்கும் கடிதம் வந்துவிட்டது. அதில் மூன்று குற்றச்சாட்டுகள்: அனுமதியில்லாத மென்பொருளைப் பயன்படுத்தியது, வாடிக்கையாளர் தகவல்களை வெளியாருக்கு அனுப்பியது, அதிகாரமில்லாமல் தள்ளுபடி கொடுத்தது. மனிதவளப் பிரிவு அதிகாரி தனியாக அழைத்து, ‘நீங்களே ராஜினாமா செய்துவிட்டால் உங்களுக்குத்தான் நல்லது’ என்றும் சொல்லியிருக்கிறார். பயந்துபோன வாசகி ஏஐ கணக்கில் இருந்த உரையாடல்களை எல்லாம் அழித்துவிட்டார்.

‘எழுதியது இயந்திரம்தானே, நான் எப்படிப் பொறுப்பு? ஏஐ கூடாது என்று எந்த விதியும் இல்லையே? சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டிவிட்டதால் தொழிலாளர் சட்டம் எனக்குக் கிடையாதாமே? 8,600 ரிங்கிட்டை என் சம்பளத்தில் பிடிப்பார்களா? ராஜினாமா செய்துவிடட்டுமா?’ என்பவை அவருடைய கேள்விகள்.

சகோதரி,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதில்தான் திரும்பப் பெற முடியாத தவறு நேரக்கூடும். ராஜினாமா கடிதத்தில் இப்போது கையெழுத்திடாதீர்கள். வற்புறுத்திப் பெறப்பட்ட ராஜினாமாவைப் பணிநீக்கமாகக் கருதத் தொழில்துறை நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றாலும், வற்புறுத்தல் நடந்தது என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். மூடிய அறையில், சாட்சியில்லாமல், கனிவான குரலில் சொல்லப்பட்ட ஒரு யோசனையை வற்புறுத்தல் என்று நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நிறுவனமே உங்களை நீக்கினால் நிலைமை தலைகீழ்: நீக்கியதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். அந்த அதிகாரி பேசிய நாள், நேரம், சொன்ன சொற்கள் ஆகியவற்றை நினைவு மங்குவதற்குள் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டினால் 1955 ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் பொருந்தாது என்பது தவறான எண்ணம். 2023 ஜனவரி 1 முதல் அந்தச் சட்டம் சம்பள வரம்பின்றி எல்லாத் தொழிலாளர்களுக்கும் பொருந்துகிறது. 4,000 ரிங்கிட்டுக்கு மேல் பெறுவோருக்கு மிகைநேர ஊதியம், வேலை முடிவுறும்போது தரப்படும் சலுகைத் தொகை போன்ற சில பிரிவுகள் மட்டுமே விலக்கு. ஆகவே 14 ஆம் பிரிவு உங்களுக்கும் உண்டு: உரிய விசாரணைக்குப் பிறகுதான் ஒழுங்கீனத்துக்காக ஒருவரை நீக்கவோ, பதவி இறக்கவோ, வேறு தண்டனை கொடுக்கவோ முடியும். விசாரணைக்காக இடைநீக்கம் செய்தால் அது இரண்டு வாரத்தைத் தாண்டக் கூடாது. அக்காலத்தில் பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் தர வேண்டும். குற்றம் நிரூபணமாகவில்லையென்றால் மீதிப் பாதியையும் தர வேண்டும். 24 ஆம் பிரிவும் உங்களுக்கு உண்டு. சம்பளத்திலிருந்து எவற்றைப் பிடிக்கலாம் என்பதை அது வரையறுத்திருக்கிறது; நிறுவனத்துக்கு நேர்ந்த வணிக நட்டத்தை முதலாளி தம் விருப்பப்படி சம்பளத்தில் கழித்துக்கொள்வதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ‘கழித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்’ என்று எழுதிய தாளை யாராவது நீட்டினால் அதிலும் கையெழுத்து வேண்டாம்.

எழுதியது ஏஐ, அனுப்பியது நீங்கள்

இனி உங்களுக்குக் கசக்கும் பகுதி. இயந்திரம் எழுதியதால் நான் பொறுப்பல்ல என்ற வாதத்தை எந்த விசாரணையிலும் முன்வைக்காதீர்கள். அது எடுபடாது என்பதோடு, மற்றவற்றில் உங்களுக்கு இருக்கும் நம்பகத்தன்மையையும் கெடுத்துவிடும். 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் ஒன்று இதே வாதத்தை ஒரு விமான நிறுவனத்திடமிருந்து கேட்டது. ஏர் கனடாவின் இணையத்தளத்தில் இருந்த உரையாடல் செயலி, துக்க நிகழ்வுக்கான கட்டணச் சலுகையைப் பற்றிப் பயணி ஒருவருக்குத் தவறான தகவல் தந்தது. செயலி சொன்னதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று நிறுவனம் வாதிட, தீர்ப்பாயம் அதை ஏற்காமல் பயணிக்கு இழப்பீடு தரச் சொன்னது. அந்தத் தீர்ப்பு மலேசியாவைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் மனிதக் கை படாமல் செயலி தானாகச் சொன்ன பதிலுக்கே பொறுப்பு உண்டென்றால், உங்கள் பெயரும் பதவியும் அடியில் இருக்க, நீங்களே அனுப்பிய மடலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. என் சொந்தத் தொழிலும் இதில் சுத்தமில்லை: 2023 ஜூனில் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இருவர், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனுத் தாக்கல் செய்ததற்காக 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார்கள்.

அந்த வரி எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், விசாரணையில் கேட்பார்கள். ஏஐ செயலிகளை உள்ளிருந்து இயக்கும் மொழி மாதிரிகளுக்கு உங்கள் நிறுவனத்தில் யாருக்கு எவ்வளவு தள்ளுபடி அதிகாரம் என்று தெரியாது. கட்டணத்தைக் குறைக்கக் கேட்கும் ஒரு மடலைக் கொடுத்து, ‘பணிவாக ஒரு பதில் எழுது’ என்று மட்டும் சொன்னால், அத்தகைய மடலுக்குப் பின் வழக்கமாக வரக்கூடிய இணக்கமான சொற்களைக் கோத்து முழுமையான ஒரு பதிலைக் கட்டிவிடும். இலக்கணப் பிழை இருக்காது, தயக்கம் இருக்காது, ஆகவே கண்ணும் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். நாமே எழுதிய கடிதத்தில் எழுத்துப்பிழை தேடும் கவனம், அழகாக அச்சடித்தாற்போல் வந்து நிற்கும் கடிதத்தில் நமக்கு இருப்பதில்லை.

அந்தத் தள்ளுபடி நிறுவனத்தைக் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தக்கூடும். மின்னஞ்சலில் நடந்தது என்பதற்காக ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்று 2006 ஆம் ஆண்டின் மின்வணிகச் சட்டம் சொல்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 23 ஆம் பிரிவின்படி, ஒரு தரப்பு மட்டும் தவறாக எண்ணிக்கொண்டது ஒப்பந்தத்தை ரத்துச் செய்யப் போதுமான காரணமல்ல. அதே சட்டத்தின் 64 ஆம் பிரிவு, வரவேண்டிய கடனை முழுமையாகவோ பகுதியாகவோ ஒருவர் விட்டுக்கொடுக்கலாம் என்கிறது. அதற்குக் கைம்மாறு கூடத் தேவையில்லை. ஆனால் இதன் மறுபக்கமும் உண்டு. ‘குறைக்க முடியுமா’ என்று மட்டுமே கேட்ட வாடிக்கையாளருக்கு முழுத் தொகையும் தள்ளுபடி என்று வந்தபோது, பிழை என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும் என வாதிட இடமிருக்கிறது. அத்தகைய முடிவை எடுக்கும் அதிகாரம் உங்கள் பதவிக்கு இருப்பதாக அவர் நம்பியது நியாயம்தானா என்பதும் ஆராயப்பட வேண்டும். இது நிறுவனத்தின் வழக்கறிஞர் கவலைப்பட வேண்டிய விஷயம். நீங்கள் செய்யக்கூடியது, அந்த வாடிக்கையாளருடன் முன்பு நடந்த மடல் போக்குவரத்தைத் தேதிவாரியாக எடுத்துக் கொடுத்து, நட்டத்தைக் குறைக்க ஒத்துழைப்பது. அப்படி ஒத்துழைத்தது தண்டனையை நிறுக்கும்போது கணக்கில் வரும்.

தகவல்கள் எங்கே போயின

மூன்று குற்றச்சாட்டுகளில் நீங்கள் இரண்டே வரியில் கடந்துபோன, வாடிக்கையாளர் தகவல்களை வெளியாருக்கு அனுப்பியது என்பதே எனக்கு அதிகக் கவலை தருகிறது. ‘அவை நிறுவனங்களின் தகவல்கள், தனிநபர் தகவல்கள் அல்ல’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு சரக்கு மடலை எடுத்துப் பாருங்கள். அனுப்பியவரின் பெயர், கைப்பேசி எண், லாரி ஓட்டுநரின் அடையாள அட்டை எண் ஆகியவை இல்லாத மடல் எத்தனை? அவையெல்லாம் 2010 ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்ட தகவல்களே. 2024 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, 2025 இல் கட்டம் கட்டமாக அமலுக்கு வந்தது. தரவுப் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறும் நிறுவனத்துக்கான அபராத வரம்பு 3 லட்சத்திலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்திருக்கிறது. 2025 ஜூன் 1 முதல், குறிப்பிடத்தக்க தீங்கு விளைவிக்கக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையும் சேர்ந்திருக்கிறது. உங்கள் முதலாளியின் கடிதத்தில் தெரியும் கடுமைக்கு இந்தக் கெடுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன்.

இந்தப் பொறுப்பில் பெரும்பகுதி நிறுவனத்துடையது. ஆனால் நிறுவனத்தின் வசமுள்ள தனிநபர் தகவல்களை அதன் சம்மதமின்றி, தெரிந்தோ பொறுப்பற்றோ வெளியிடும் எவரையும் அதே சட்டத்தின் 130 ஆம் பிரிவு தண்டிக்கலாம். வேலையை முடிக்க ஒரு கருவியைப் பயன்படுத்தியவரை, தகவல்களை விலைக்கு விற்றவரோடு அதிகாரிகள் ஒரே தட்டில் வைப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆயினும் பிரிவு இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உரையாடல்களை அழித்ததுதான் நீங்கள் செய்தவற்றில் மிக மோசமான செயல். தள்ளுபடி வரி கவனக்குறைவு. அழித்தது மறைக்கும் நோக்கம் போல் தெரியும். தவிர, எந்தெந்த மடல்கள் வெளியே போயின, எவை போகவில்லை என்று காட்டி உங்கள் தவறின் அளவைச் சுருக்கியிருக்கக்கூடிய சான்றும் அதுவே. கணக்கை இன்னும் மூடவில்லையென்றால் மூடாதீர்கள். மீட்கக்கூடியதை மீட்டு அப்படியே வையுங்கள். அழித்ததை நீங்களாகவே பதிலில் சொல்லிவிடுங்கள். நீட்சியைத் துண்டிக்கும் வேலையை நிறுவனத்தின் கணினிப் பிரிவினர் முன்னிலையில், அவர்கள் பதிவு செய்துகொள்ளும்படி செய்யுங்கள்.

ஒரு மடலை நகலெடுத்து ஒட்டுவதும் அஞ்சல்பெட்டியை இணைப்பதும் ஒன்றல்ல என்பதை நீங்கள் உணரவில்லை என்று தோன்றுகிறது. முதலாவதில் அந்த ஒரு மடல் போகிறது. அதுவே சிறிய விஷயமல்ல. 2023 இல் சாம்சங் பொறியாளர்கள் நிறுவனத்தின் மென்பொருள் நிரலைச் சாட்ஜிபிடியில் ஒட்டியது தெரிந்ததும், அந்நிறுவனம் இத்தகைய கருவிகளையே தடை செய்தது. இரண்டாவதில் நீங்கள் ‘அனுமதி’ என்று அழுத்திய ஒரு சாளரத்தின் வழியாக, ஒன்பது ஆண்டு மடல்களையும் படிக்கும் உரிமை, சில நீட்சிகளில் அனுப்பவும் அழிக்கவும் கூட உரிமை, வேறொருவருக்குப் போய்விடுகிறது. இன்னொரு ஆபத்தும் உண்டு: வெளியார் அனுப்பும் மடலுக்குள் ஏஐக்கான கட்டளைகளை ஒளித்துவைத்து, அதை ஏமாற்ற முடியும். நிறுவனங்களுக்கென்றே விற்கப்படும் மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட் என்ற ஏஐ கருவியில்கூட அப்படி ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, 2025 இல் அடைக்கப்பட்டது. பெரிய நிறுவனத்தின் கருவிக்கே இந்த நிலை என்றால், யார் செய்தது என்றே தெரியாத ஓர் இலவச நீட்சியை என்னவென்று சொல்வது?

விதி இல்லை என்பது எவ்வளவு தூரம் உதவும்

ஓரளவுக்கு உதவும். செயற்கை நுண்ணறிவு ஆளுமை, நெறிமுறை பற்றி அறிவியல் அமைச்சு 2024 செப்டம்பரில் வெளியிட்டது வழிகாட்டிதான், சட்டமன்று. உங்கள் நிறுவனத்திலும் ஏஐ பற்றித் தனி விதி இல்லை என்கிறீர்கள். ஆனால் உங்கள் பணி ஒப்பந்தத்தின் நகலில் ரகசியம் காக்கும் விதியும், அனுமதியின்றி மென்பொருள் நிறுவக் கூடாது என்ற விதியும் இருக்கின்றன. ஏஐ என்ற சொல் இல்லாவிட்டாலும் அந்த இரண்டும் போதும். உங்களுக்கு உண்மையில் பலம் தருவது மேலாளரின் வாட்ஸ்அப் பாராட்டு. மற்றவர்களையும் அதே வேகத்துக்குத் தூண்டியவர் அவர்; ஏஐ என்று தெரிந்த பிறகும் தடுக்கவில்லை, பயிற்சியும் தரவில்லை. நேரடி அனுமதியாக இதைக் கொள்ள முடியாது. ஒன்பது ஆண்டு களங்கமற்ற சேவையோடு சேர்த்துப் பார்த்தால், பணிநீக்கம் தவற்றுக்கு மிஞ்சிய தண்டனை என்று வாதிட நல்ல அடிப்படை. பாராட்டு எந்தத் தேதியில் வந்தது, ஏஐ என்று நீங்கள் சொன்னது அதற்கு முன்பா பின்பா என்பதைத் துல்லியமாக எழுதுங்கள். குழுவிலிருந்து உங்களை நீக்குவதற்குள் அந்தச் செய்தியைப் படம் பிடித்து வையுங்கள்.

பதிலில் எழுத வேண்டியவை

பதிலை நீங்களே எழுதுங்கள். இதையும் ஏஐயிடம் கொடுக்கும் எண்ணம் வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக, நடந்ததைத் தேதியோடு சொல்லுங்கள். முழு மடலையும் படிக்காமல் அனுப்பியதை ஒப்புக்கொள்ளுங்கள். தள்ளுபடி தர வேண்டும் என்ற எண்ணம் இருக்கவில்லை என்பதையும், தனிப்பட்ட இலாபம் எதுவும் பெறவில்லை என்பதையும் தெளிவாக எழுதுங்கள். நீட்சியை இணைத்ததையும் உரையாடல்களை அழித்ததையும் சொல்லுங்கள். மேலாளருக்குத் தெரியும் என்பதை அவர்மேல் குற்றம் சுமத்தும் தொனி இல்லாமல் குறிப்பிட்டு, வாட்ஸ்அப் படத்தை இணையுங்கள். ‘அறியாமல் செய்துவிட்டேன், மன்னிக்கவும்’ என்று மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். மன்னிப்பு இருக்கலாம், ஆனால் விவரம் இல்லாத மன்னிப்பு மூன்று குற்றச்சாட்டுகளையும் முழுமையாக ஒப்புக்கொண்டதாகவே படிக்கப்படும். கெடு போதாது என்றால் கூடுதல் நாள் கேட்டு மின்னஞ்சல் அனுப்பலாம்.

இறுதியில் ஒரு யோசனையையும் சேர்க்கச் சொல்வேன், ஏனெனில் நூறு மடல்களின் சுமை இந்த விசாரணையோடு தீர்ந்துவிடப் போவதில்லை. நிறுவனமே ஒப்பந்தம் செய்து வாங்கும் ஒரு கருவியை, வாடிக்கையாளர் தரவை மாதிரிகளைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்துவதில்லை என்ற உறுதியோடு, பிரிவுக்கு வழங்குமாறு கேளுங்கள். அதை வரைவு எழுத மட்டும் அனுமதிக்கட்டும்; தானாக அனுப்பும் வசதியை அடைத்துவைக்கட்டும். நீண்ட மடல் தொடரைச் சுருக்குவது, மலாய் மடலை ஆங்கிலத்தில் புரிந்துகொள்வது, ‘கொள்கலன் வந்துவிட்டது’ போன்ற வழக்கமான அறிவிப்புகளைத் தயாரிப்பது ஆகியவற்றுக்கு அது நன்றாக உதவும். பணம், தேதி, பொறுப்பேற்பு, மறுப்பு ஆகிய நான்கில் ஏதாவது ஒன்று உள்ள பதிலைக் கையால் எழுதுங்கள். நானும் என் அலுவலக மடல்களின் முதல் வரைவுக்கு ஏஐயைப் பயன்படுத்துகிறேன். கட்சிக்காரர் பெயரும் வழக்கு விவரமும் இல்லாமல்தான். ஒருமுறை டத்தோ ஒருவருக்கு எழுதிய மடலில் பட்டத்தையே விட்டுவிட்டு, ‘வணக்கம் நண்பரே’ என்கிற தொனியில் அது தொடங்கியதைக் கடைசி நொடியில் கவனித்தேன். அதிலிருந்து ஒவ்வொரு வரைவையும் அடியிலிருந்து மேல் நோக்கிப் படிக்கிறேன். உங்கள் நான்காவது பத்தி போன்றவை அப்போது முதலில் கண்ணில் படும்.

எல்லாம் செய்தும் நிறுவனம் உங்களை நீக்கினால், நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள், 1967 ஆம் ஆண்டின் தொழில்துறை உறவுச் சட்டத்தின் 20 ஆம் பிரிவின் கீழ், தொழில்துறை உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். இந்தக் கெடுவுக்குச் சலுகை கிடையாது. நிறுவனத்திடம் மேல்முறையீடு செய்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நாட்களும் இதில் ஓடிக்கொண்டேயிருக்கும். மனு கொடுக்க வழக்கறிஞர் தேவையில்லை. முதலில் சமரசப் பேச்சு நடக்கும். அது முறிந்தால் வழக்கு தொழில்துறை நீதிமன்றத்துக்குப் போகும். வென்றால் நிரந்தர ஊழியருக்கு அதிகபட்சம் 24 மாதப் பின்சம்பளம் (நீக்கப்பட்ட பிறகு கிடைக்காமல் போன சம்பளம்) வரை கிடைக்கலாம். ஆனால் உங்கள் பங்குக்கான தவற்றைக் கணக்கிட்டு நீதிமன்றம் அதைக் குறைக்கலாம் என்பதால், முழுத் தொகையையும் மனத்தில் வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

பதிலை மனிதவளப் பிரிவில் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு பெற்றுக்கொண்ட கையொப்பம் வாங்குங்கள். உள்விசாரணைக்கு அழைப்பு வந்தால், குற்றச்சாட்டுத் தாளின் நகலோடு எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.